புதிய அரசியல் சாசனம் வேண்டுமா? 106 திருத்தத்துக்குப் பிறகு காப்பாற்ற என்ன பாக்கி?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மகள் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த வாரம் அங்கே பட்டிமன்றம். ‘இந்தியாவுக்குப் புதிய அரசியல் சாசனம் வேண்டும்’ என்பது தலைப்பு, வேண்டாம் என்ற அணியில் இவள். நேற்று ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே என்னிடம் ஒத்திகை பார்த்தாள். நான் சும்மா எதிர்த்தரப்பு எடுத்து, “106 தடவை திருத்தியாகிவிட்டது, இனி அதில் காப்பாற்ற என்ன பாக்கி?” என்று கேட்டேன். கரண்டியோடு திரும்பி ஒரு முறை பார்த்தாள், பதில் வரவில்லை. கேட்ட எனக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். 2000 ஜனவரியில், சாசனத்தை மறுஆய்வு செய்ய வாஜ்பாய் அரசு ஆணையம் அமைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. குடியரசின் பொன்விழாவில் பேசிய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன், சாசனம் நம்மைக் கைவிட்டதா, நாம் சாசனத்தைக் கைவிட்டோமா என்று முதலில் யோசியுங்கள் என்ற பொருளில் சொன்னார். அப்புறம் நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையில் ஆணையம் அமைந்தது. அடிப்படை அம்சங்களைத் தொடாமல் பரிந்துரை செய்ய வேண்டும் என்று அதற்கு வரையறையும் போட்டார்கள். அடிப்படையைத் தொடக் கூடாது என்று சாசனத்தில் எங்கே எழுதியிருக்கிறது? மகளுக்காகக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்பேச்சு

எங்கும் எழுதவில்லை. பிரச்சினையே அதுதான்.

பிரிவு 368ஐப் படியுங்கள். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மாநிலங்களைத் தொடும் சில விஷயங்களுக்குப் பாதி சட்டமன்றங்களின் ஒப்புதல். அவ்வளவுதான் நிபந்தனை. சாசனத்தின் அடிப்படையை நாடாளுமன்றம் திருத்தி அழிக்க முடியாது என்கிற ‘அடிப்படைக் கட்டமைப்பு’ என்பது 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் ஏழு பேர் கண்டுபிடித்தது. மற்ற ஆறு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நீதிபதி மனம் மாறியிருந்தால் இந்தக் கோட்பாடே இருந்திருக்காது.

இன்னொன்று. இந்தச் சாசனத்தில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டு பிரிட்டிஷ்காரன் போட்ட சட்டத்திலிருந்து வந்தது. அரசியல் நிர்ணய சபையும் எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்துத் தேர்ந்தெடுத்த சபை இல்லை. சொத்து, படிப்பு பார்த்து வாக்குரிமை கொடுத்த காலத்து மாகாண சபைகள் அனுப்பியவர்கள். 2023இல், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த பிபேக் தேப்ராய் ஒரு நாளிதழ்க் கட்டுரையில், எழுதப்பட்ட சாசனங்களின் சராசரி ஆயுள் 17 ஆண்டுதான் என்ற ஆய்வைக் காட்டி, நாமும் புதிதாக யோசிக்கலாமே என்றார். உடனே துரோகி பட்டம்! யோசிப்பதே தப்பு என்றால் அது சாசனமா, வேதமா?

சுண்டல்

பாப்கார்ன் எடுத்துவிட்டேன். நடத்துங்கள்.

மூணாவது பெஞ்சு

வக்கீல்தான், ஆனால் பெரிய வழக்கு எதுவும் நடத்தியவன் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

நேர்பேச்சு சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் அந்த 106. அமெரிக்கா 27தான் செய்திருக்கிறது, நாம் பாருங்கள் என்று பட்டிமன்றத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நம் சாசனத்தில் நிர்வாக விவரமே ஏராளம். சிந்தி மொழியை எட்டாவது அட்டவணையில் சேர்த்தது ஒரு திருத்தம் (21ஆவது, 1967). மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கான தனித்தொகுதிகளைப் பத்துப் பத்து ஆண்டாக நீட்டியதற்கு மட்டும் ஏழு திருத்தம். இவற்றை எல்லாம் எண்ணிக் காட்டிவிட்டு வீடே இடிந்துவிட்டது என்றால் எப்படி?

தகராறு வரும் இடம் வேறு. முதல் திருத்தமே நம் சென்னையால் வந்தது, தெரியுமா? கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் 1950இல் உயர் நீதிமன்றமும் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ரத்து செய்தன. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4) வந்தது. அதே திருத்தத்தில்தான் பேச்சுரிமைக்குக் கூடுதல் கட்டுப்பாடும் வந்தது. அதற்கும் ஒரு காரணம் சென்னை மாகாணம்தான். ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் உள்ளே வரக் கூடாது என்று இங்கே போட்ட தடையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, நேரு அரசுக்குப் பிடிக்கவில்லை. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத்திடமிருந்து ஒளித்துவைக்க ஒன்பதாவது அட்டவணையும் அப்போதுதான் பிறந்தது. முதல் பொதுத்தேர்தல் நடக்கும் முன்பே இவ்வளவும் முடிந்துவிட்டது.

அதனால் ‘திருத்தாதே’ என்று மகள் பேசினால் தோற்பாள். 15(4) இல்லாமல் நம்மில் எத்தனை பேர் கல்லூரி வாசலை மிதித்திருப்போம்?

அடிப்படைக் கட்டமைப்பு திடீரென்று 1973இல் முளைக்கவும் இல்லை. 1965 பிப்ரவரியில் டீட்டர் கான்ராட் என்ற ஜெர்மன் சட்டப் பேராசிரியர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்றால் என்னவெல்லாம் செய்யலாம் என்று அடுக்கிக்கொண்டே போனார். பிரிவு 21ஐ நீக்கிவிட்டு, சட்டத்தின் அனுமதி இல்லாமலே ஒருவரின் உயிரைப் பறிக்க வழி செய்யலாமா? முதல் பிரிவைத் திருத்தி நாட்டைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என்று இரண்டாகப் பிரிக்கலாமா? மொகலாயப் பேரரசரையோ இங்கிலாந்து முடியையோ திரும்பக் கொண்டுவரலாமா? (உதாரணத்துக்குக்கூட நாம்தான் கிடைத்தோம்.) அவருடைய நாட்டில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. ஹிட்லருக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை எழுதிக் கொடுத்ததும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மைதான்.

நேர்பேச்சு

கற்பனைப் பயம். இந்தியாவில் யார் பிரிவு 21ஐ எடுக்கப் போகிறார்கள்?

மூணாவது பெஞ்சு

எடுத்தார்களே. 1976 ஏப்ரல், ஜபல்பூர் வழக்கு. நெருக்கடி நிலையில் காவலில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் வர முடியுமா என்பது கேள்வி. ஒரு போலீஸ்காரர் சட்டவிரோதமாக ஒருவரைக் கொன்றாலும் நிவாரணம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்ற பொருளில்தான் அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே பதில் சொன்னார். ஐந்து நீதிபதிகளில் கன்னா ஒருவர்தான் மாறுபட்டு எழுதினார், மறு ஆண்டு அவரைத் தாண்டி இளையவர் ஒருவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். நீங்கள் சொன்ன 7-6இல் அந்த ஏழாவது ஆளும் அவர்தான்.

அதற்கு முன்னால் 1975 ஆகஸ்டில் 39ஆவது திருத்தம். பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது. அலகாபாத்தில் இந்திரா காந்தி தோற்ற தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிற்கும்போதே போட்ட திருத்தம் இது! ஒரே ஆளுக்காகத் தைத்த சட்டை. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை வெட்டியது. கேசவானந்த பாரதி தீர்ப்பு அன்றைக்கு இல்லாமல் இருந்திருந்தால் எதை வைத்து வெட்டியிருக்கும்? 368 சொன்ன வாக்குக் கணக்கு அப்பழுக்கில்லாமல் சரியாக இருந்ததே.

பெரியார் நகர் குமரன்

ஒன்றைப் பேசாமல் நழுவுகிறீர்கள் எல்லாரும். 1957 நவம்பர் 26 அன்று இதே புத்தகத்தை எரித்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போன ஊர் இது. சாதியைக் காக்கும் பிரிவுகளை எடு என்றார் பெரியார். சிலர் சிறையிலேயே இறந்தார்கள். 1963இல் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கக் கிளம்பி அண்ணா உள்ளே போனார். 1986இல் அதே 17ஆம் பகுதியை எரித்ததற்காக அன்பழகன் உட்பட பத்துப் பேரின் சட்டமன்றப் பதவி பறிபோனது. அம்பேத்கரே 1953இல் மாநிலங்களவையில், இதை எரிக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்றவர். இன்று அதே மரபில் வந்தவர்கள் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ‘காப்போம்’ என்கிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நேர்பேச்சு

ஆஹா, குமரன் தோழர் என் பக்கம் வருவார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பெரியார் நகர் குமரன்

உங்கள் பக்கம் வரவில்லை ஐயா. எரித்தவர்கள் கேட்டது இன்னும் கூடுதல் சமத்துவம். இப்போது ‘புதிய சாசனம்’ கேட்பவர்களில் பலர் முகவுரையில் ‘மதச்சார்பற்ற’ என்ற சொல்லை எடு என்று தொடங்குகிறார்கள். ஓட்டை அடைக்கச் சொல்கிறவனும் வீட்டை விற்கப் பார்க்கிறவனும் ஒரே ஓட்டைத்தான் காட்டுவார்கள்.

வைகைக்கரை

அம்பேத்கர் சொன்னதை மகளிடம் சொன்னேன். அவள் அடுத்த பகுதியையும் தேடி எடுத்துவிட்டாள். 1955இல் திரும்பவும் அவையில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தெய்வத்துக்காகக் கோயில் கட்டினோம், தெய்வம் வந்து அமர்வதற்குள் பேய் குடியேறிவிட்டால் கோயிலை இடிப்பதைத் தவிர வேறு என்ன வழி என்ற மாதிரி பதில் சொல்லியிருக்கிறார். பேயை விரட்டினால் போதாதா, கோயிலை ஏன் இடிக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் குறுக்கே கேட்டாராம். “அப்பா, இந்தக் குறுக்குக் கேள்விதான் என் கட்சி” என்கிறாள்.

நேர்பேச்சுக்கு ஒரு கேள்வி: ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் 1976இல்தானே 42ஆவது திருத்தத்தில் வந்தது? எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருக்கும்போது போட்டது. அதை எடுப்பது சாசனத்தை அழிப்பது ஆகுமா?

மூணாவது பெஞ்சு

நான் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சொல் 1976இல் வந்தது, பொருள் முன்பே இருந்தது. 25 முதல் 28 வரையான பிரிவுகள் 1950இலிருந்து அங்கேதான் இருக்கின்றன. 1973 தீர்ப்பிலேயே மதச்சார்பின்மையை அடிப்படை அம்சங்களில் ஒன்றாகச் சொன்னார்கள், அதாவது சொல் ஏறுவதற்கு மூன்று ஆண்டு முன்பு. 2024 நவம்பரில் அந்தச் சொற்களை எதிர்த்த மனுக்களை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் சஞ்சீவ் கன்னா, மேலே சொன்ன கன்னாவின் சகோதரர் மகன். சும்மா ஒரு கொசுறு.

42இல் உண்மையான ஆபத்து முகவுரையில் இல்லை. 368இன் அடியில் இரண்டு உட்பிரிவு சேர்த்தார்கள். எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது, திருத்தும் அதிகாரத்துக்கு எந்த எல்லையும் கிடையாது. மக்களவையின் ஆயுளை ஐந்திலிருந்து ஆறு ஆண்டு ஆக்கினார்கள். அடுத்து வந்த அரசு 44ஆவது திருத்தத்தில் ஆறை மறுபடி ஐந்தாக்கியது. அந்த இரண்டு உட்பிரிவுகளை 1980இல் மினர்வா மில்ஸ் தீர்ப்புதான் வெட்டியது. எல்லைக்குட்பட்ட அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே எல்லையில்லாததாக ஆக்கிக்கொள்ள முடியாது என்பது அங்கே சொன்ன காரணம். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த வாதம் அதுதான். வாடகைக்கு வந்தவர் வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம், அறைகூடத் தடுத்துக்கொள்ளலாம். பத்திரத்தில் பெயரை மாற்ற முடியாது. நாடாளுமன்றம் சாசனத்துக்குள் குடியிருக்கிறது, அதன் உரிமையாளர் இல்லை.

மதுரைவீரன்_2

கல்வியைப் பறித்ததும் அந்த 42தானே? நீட் அதனால்தானே வந்தது?

மூணாவது பெஞ்சு

பாதி சரி. மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியையும் காட்டையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது 42தான். ஆனால் உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைக்கும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 66ஆவது இனமாக ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. நீட் வழக்குகளில் அதையும் காட்டுகிறார்கள். மேடையில் சொல்லும்போது கவனம்.

யாழ் வாசகி

இந்தியாவின்ரை கதை எண்டு ஒதுங்கி இருக்கத்தான் நினைச்சன். நேர்பேச்சு ‘கற்பனைப் பயம்’ எண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இனி எழுத்துத் தமிழிலேயே சொல்கிறேன்.

எங்கள் இலங்கையில், சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பில் (சாசனத்தை நாங்கள் யாப்பு என்போம்) 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் பாரபட்சமாகச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. பெரிதாகக் காப்பாற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை போனபோதும், 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோதும் அது இருந்தது, சும்மா இருந்தது. ஆனாலும் 1964இல் லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில், அப்போது எங்கள் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) ஒரு வழக்கில், இந்தப் பிரிவு மாற்றக்கூடாத அடித்தளம் என்ற பொருளில் எழுதியது. ஒன்பது ஆண்டு கழித்து டில்லியில் சொன்னதன் சாயல்தான், இல்லையா?

எங்களிடம் என்ன செய்தார்கள்? திருத்தவில்லை. திருத்தினால் அந்தப் பிரிவு குறுக்கே நிற்கும். அதனால் ‘புதிய யாப்பு’ என்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களே கூடி அரசியல் நிர்ணய சபை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மொழிக் கோரிக்கை தோற்று, 1971இல் தமிழரசுக் கட்சி வெளியேறியது. 1972 மே 22இல் குடியரசு. 29(2) காணாமல் போனது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது, சிங்களம் யாப்பிலேயே ஏறியது.

1977இல் ஆட்சிக்கு வந்த மற்றக் கட்சி ஆறில் ஐந்து பங்கு ஆசனத்தோடு 1978இல் இன்னொரு புதிய யாப்பு செய்தது. நிறைவேற்று அதிகார சனாதிபதி. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலை வைக்காமல், இதே நாடாளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டு இருக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். விளக்குச் சின்னமா குடச் சின்னமா என்று எங்கள் அம்மம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். வாக்குக் கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த ஆண்டு 1983.

புதிய சாசனம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் புதிது எதுவும் மனதில் வருவதில்லை.

சுண்டல்

(பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டேன். நன்றி அக்கா.)

நேர்பேச்சு

யாழ் வாசகி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ‘கற்பனைப் பயம்’ என்றதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அடிப்படை எது என்று முடிவு செய்வது நீதிபதிகள். நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் நீதிபதிகள். அதை மாற்ற 99ஆவது திருத்தம் கிட்டத்தட்ட ஒருமனதாக நிறைவேறியது, பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களும் ஒப்புக்கொண்டன. 2015இல் 4-1 என்று வெட்டிவிட்டார்கள், காரணம் அடிப்படைக் கட்டமைப்பு. தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொன்ன மாதிரி இல்லையா? பத்துப் பேர் சேர்ந்தால் சாசனத்தின் உயிர் எது என்று நினைத்ததைச் சொல்லலாம் என்றால், அந்தப் பத்துப் பேரிடமிருந்து யார் காப்பாற்றுவது?

மூணாவது பெஞ்சு

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 2015 தீர்ப்பில் எனக்கும் சங்கடம் உண்டு. அந்த ஒற்றை மாறுபட்ட தீர்ப்பைப் படித்தால் நீங்கள் சொல்வது போலத்தான் தோன்றும்.

வேறு வழியை ஒரு தடவை முயன்றார்கள். 1978இல் ஜனதா அரசு, சில அடிப்படை அம்சங்களைத் தொடும் திருத்தம் என்றால் மக்களிடம் பொது வாக்கெடுப்பு வேண்டும் என்று 368இலேயே எழுதப் பார்த்தது. மாநிலங்களவையில் காங்கிரஸ் தோற்கடித்தது. அது நிறைவேறியிருந்தால் உங்கள் கேள்விக்கு ஒரு பதில் இருந்திருக்கும். யாழ் வாசகி சொன்ன 1982ஐப் படித்த பிறகு அந்தப் பதிலிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

இந்தக் கோட்பாடு நம்மையும் கடிக்கும். 2007இல் ஐ.ஆர். கொய்லோ எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்ந்த சட்டங்களையும் சோதிக்கலாம் என்றார்கள். நம் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் அந்த அட்டவணைக்குப் போனது 1994இல், 76ஆவது திருத்தம் வழியாக. கணக்கு புரிகிறதா? அடிப்படைக் கட்டமைப்பு வாழ்க என்று கோஷம் போடும்போது இதையும் சேர்த்தே போட வேண்டும். நான் போடத் தயார், ஆனால் வயிற்றில் ஒரு கலக்கத்தோடு.

கூடலூர்க்காரன்

கொய்லோ வழக்கு என்றதும் உள்நுழைந்தேன். பல மாதமாகப் படித்துவிட்டுப் போகிறவன்தான்.

அந்த வழக்கின் வேர் எங்கள் ஊர். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்மி (பரம்பரை உடைமை) நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் போட்ட கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம். 1972இல் காட்டு நிலம் வரையில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1974இல் 34ஆவது திருத்தத்தில் அதை ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றினார்கள். அதை எதிர்த்துத் தோட்டக்காரர்கள் போனதுதான் நீங்கள் சொல்கிற வழக்கு. பெரிய தோட்டங்களுக்கு வக்கீல் வைக்க வழி இருந்தது. அதே நிலத்தில் குடிசை போட்டு இஞ்சியும் மிளகும் வைத்தவர்களுக்கு இல்லை. என் தாத்தா காட்டை வெட்டித் திருத்தியதாகச் சொல்லும் இடத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். மின் இணைப்புக்கு அலைந்த அலுவலகத்தில் ‘பிரிவு 17 நிலம், ஒன்றும் செய்ய முடியாது’ என்பார்கள். அது அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு. சின்ன வயதில் நான் அதை ஏதோ ஊர்ப் பெயர் என்றே நினைத்தேன்.

சாசனம் வேண்டுமா வேண்டாமா என்று நான் பேச வரவில்லை. வேண்டும். நெருக்கடி நிலை கதையெல்லாம் படித்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாதிரி பெரிய தீர்ப்புகளின் தலைப்பில் வரும் ஊர்க்காரர்களுக்குக் கடைசியில் என்ன கிடைத்தது என்று யாராவது பார்த்ததுண்டா?

வைகைக்கரை

அண்ணா, நீங்கள் எழுதியதை மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த கேசவானந்த பாரதி சாமிக்கு நிலம் திரும்பக் கிடைத்ததா?” என்று கேட்டாள். வக்கீல் சார், சொல்லுங்களேன்.

மூணாவது பெஞ்சு

இல்லை. காசர்கோடு பக்கம் எடநீர் மடம். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் அவர் போனார். 68 நாள் வாதம், 11 தனித்தனித் தீர்ப்பு, ஆனால் அந்தச் சட்டங்களைக் காத்த 29ஆவது திருத்தம் செல்லும் என்றே முடிந்தது. தனக்காக வாதாடிய பால்கிவாலாவை அவர் நேரில் சந்தித்ததே இல்லை என்பார்கள். 2020 செப்டம்பரில் அதே மடத்தில் காலமானார்.

கூடலூர்க்காரன்

எங்களுக்கும் இன்னும் பட்டா வரவில்லை. பாப்பாவுக்கு ஜன்மம் சட்டத்தின் நகல் வேண்டுமானால் தனிமடலில் கேட்கச் சொல்லுங்கள். பழைய தட்டச்சுப் பிரதி ஒன்று இருக்கிறது, ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கும், 17ஆவது பிரிவு மட்டும் நன்றாகத் தெரியும்.